ஆய்வக மேசைக்கு வரவேண்டிய மேக்னிஃபையர்: ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருநெல்வேலி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள், ஒன்பது ஒன்றியங்களின் வட்டார வள மையப் பொறுப்பாளர்கள், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள்.

ஐயா, அம்மா,

வணக்கம். கையில் பிடித்துப் பார்க்கும் வீடியோ மேக்னிஃபையரைப் பற்றி எழுதுகிறோம். பின்புறம் கேமரா, முன்புறம் 4 முதல் 7 அங்குலத் திரை, ஓரத்தில் சின்ன எல்.இ.டி. விளக்கு, பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான், நிறம் மாற்ற ஒரு பொத்தான், படத்தை உறையவைக்க இன்னொன்று: கருவி அவ்வளவுதான். பார்வை குறைந்த பிள்ளைகள் பாடப்புத்தகம் வாசிப்பதற்கென்று வாங்கித் தருகிறார்கள். வாசிப்புக்கு அது நன்றாகவே உழைக்கிறது. அறிவியல் பீரியடில் எல்லோரும் ஆய்வகத்துக்குப் போகும்போது மட்டும் புத்தகப் பையிலோ பீரோவிலோ தங்கிவிடுகிறது.

அதன் விளைவு ரெக்கார்டு நோட்டில் தெரியாது. நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, அட்டவணை, முடிவு எல்லாம் அழகாக நிறைந்திருக்கும். அளவு எடுத்தது பக்கத்தில் நின்ற பிள்ளை. இந்தப் பிள்ளை எழுதிக்கொண்டது. பத்தாம் வகுப்பு அறிவியலில் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு. செய்முறைத் தேர்விலிருந்து விலக்குக் கேட்க வழி இருக்கிறது. தேவைப்படுகிற பிள்ளை கேட்கட்டும். ஆனால் ஜூன் மாதமே "எப்படியும் விலக்குத்தானே" என்று மேசையை விட்டுத் தள்ளி உட்காரவைத்துவிட்டால், விலக்கு வேண்டாத பிள்ளைக்கும் அதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது.

நாங்கள் கேட்பது மூன்று. இந்தக் கருவியை ஆய்வக உபகரணமாகக் கருதுங்கள். அடுத்த முறை வாங்கும்போது ஆய்வக வேலையை மனதில் வைத்து வாங்குங்கள். செய்முறைத் தேர்வில் இதைப் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் கொடுங்கள். ஏன், எப்படி என்பது கீழே.

முதலில், யாருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, குறைபார்வையை இப்படி வரையறுக்கிறது: நல்ல கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், 6/18-க்கு (மற்றவர் 18 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில் காண்பது) மேற்படாமல் 3/60 வரை பார்வை இருப்பது, அல்லது பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் குறைந்து 10 டிகிரி வரை இருப்பது. இந்த இடைவெளிக்குள் வரும் பிள்ளைகளுக்கான கருவி இது. முழுதும் பார்வையற்ற பிள்ளைக்கு இதனால் பயனில்லை. அந்தப் பிள்ளைக்குப் பேசும் தெர்மாமீட்டரும், தொட்டு அறியும் அளவுகோலும், வெட்டுக்குறி போட்ட ஊசிக்குழலும் (சிரிஞ்சு) வேண்டும். 'பார்வைக் குறைபாடு' என்று ஒரே பட்டியல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தால் பாதிக் கருவி வீணாகும். இன்னொரு பக்கம் தேவைப்பட்ட பிள்ளைக்குக் கிடைக்காது. பார்வையற்றோர் பள்ளி 1890-இலேயே தொடங்கிய பாளையங்கோட்டை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நாம் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள்.

குறைபார்வைக்குள்ளும் ஒருவர்போல ஒருவர் இல்லை. நடுப்பார்வை கெட்டு ஓரப்பார்வையால் பார்க்கும் பிள்ளைக்குப் பெருக்கம் கூடினால் நல்லது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோயால் பார்வைப் பரப்பு குழாய்போலச் சுருங்கிய பிள்ளைக்கு அதே பெருக்கம் இடைஞ்சல்: படம் பெரிதாகப் பெரிதாக அது அந்தச் சின்னப் பரப்புக்கு வெளியே போய்விடும். அந்தப் பிள்ளைக்கு 2, 3 மடங்கும் அழுத்தமான கறுப்பு வெள்ளையும் போதும். நிறமி இல்லாமல் பிறந்த பிள்ளைக்குத் திரையின் வெளிச்சமே கூசும். பிரகாசத்தைக் குறைத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்று மாற்றிக் கொடுக்க வேண்டும். கண்புரை அறுவை செய்த பிள்ளை கிட்டத்தில் பார்ப்பதற்குக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் திரையைப் பார்க்க வேண்டும். 'கருவி இருக்கிறதே, கண்ணாடி எதற்கு' என்று கழற்றச் சொல்லும் வழக்கம் உண்டு, அது தவறு. கண் மருத்துவமனையின் குறைபார்வைப் பிரிவில் இருந்து 'எத்தனை மடங்கு, எந்த நிறம், எவ்வளவு தூரம்' என்று ஒரு வரி எழுதி வாங்கி, அதைக் கருவியின் பின்னால் ஒட்டிவிட்டால் ஆசிரியர் ஊகிக்க வேண்டியதில்லை.

இனி பெருக்கம். விற்பவர் '20 மடங்கு' என்பார். அது திரையில் தெரியும் அளவு. ஆய்வக நுண்ணோக்கியின் 100 மடங்கோடு இதை ஒப்பிடக் கூடாது. இலைத்துளையை இதில் பார்க்க முடியாது. வெங்காயத் தோலின் செல்கள் சாயம் ஏற்றி, கீழிருந்து ஒளி கொடுத்தால் மங்கலாகக் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லைமேல் இதை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். தூரப் பொருளையும் தெளிவாகக் காட்டும் மாடலாக இருந்தால், வில்லையிலிருந்து 1 முதல் 1.5 செ.மீ. உயரத்தில் அசையாமல் நிறுத்தினால் படம் கிடைக்கும். பக்கத்தின்மேல் படுக்கவைத்து வாசிக்கும் மாடலில் வெறும் வெளிச்ச வட்டம்தான் தெரியும்.

பெருக்கம் கூடக் கூடப் பார்க்கும் பரப்பு குறைகிறது. ஆய்வகத்தில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதிக்கு இதுதான் காரணம். 5 அங்குலத் திரை சுமார் 11 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரம். 10 மடங்கு வைத்தால் அதில் தெரிவது 11 மி.மீ. அகலமும் 6 மி.மீ. உயரமும் உள்ள ஒரு துண்டு. அதாவது வேப்பங்கொட்டைகூட முழுசாகத் தெரியாது. பிள்ளை 'ஒன்றும் தெரியவில்லை' என்றால் பெருக்கம் போதவில்லை என்று நினைத்து ஆசிரியர் இன்னும் கூட்டுவார். குறைக்க வேண்டும். எப்போதும் இருப்பதிலேயே குறைந்த பெருக்கத்தில் பொருளைக் கண்டுபிடித்து, திரையின் நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகுதான் கூட்ட வேண்டும்.

வெர்னியர் அளவியில் இது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வெர்னியரின் 10 பிரிவுகள் சேர்ந்து 9 மி.மீ. 4 மடங்கில் முதன்மை அளவுகோலின் எண்ணைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு 8 மடங்குக்குப் போனால் 9 மி.மீ. முழுதும் திரைக்குள் அடங்கும். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு பொருந்துகிறது என்று ஒரே பார்வையில் தேடலாம். 15 மடங்கு வைத்தால் வெர்னியர் திரையைத் தாண்டிவிடும். பிள்ளை கருவியை இடமும் வலமும் நகர்த்தி, எண்ணிக்கையைத் தொலைத்துவிடும். திருகு அளவியில் தண்டில் உள்ள புரிக்கோல், சுழலும் உருளையில் உள்ள தலைக்கோல் இரண்டும் சேர்ந்து தெரிய ஏறக்குறைய 2 செ.மீ. பரப்பு வேண்டும். ஆகவே 5 மடங்கு. தலைக்கோலின் 100 பிரிவுகள் நெருக்கமானவை. 5 மடங்கில் ஒரு பிரிவு திரையில் 2, 3 மி.மீ.தான் வரும். அது போதாத பிள்ளைக்கு, முதலில் 5 மடங்கில் புரிக்கோல் அளவு, பிறகு அச்சுக்கோட்டைத் திரையின் நடுவில் வைத்து 12 மடங்கில் தலைக்கோல் அளவு என்று இரண்டு தவணையில் எடுக்கலாம். தலைக்கோல் உருளை வடிவம் என்பதால் ஓரத்துப் பிரிவுகள் மங்கும். நடுவில் இருப்பதை மட்டும் நம்ப வேண்டும். மீச்சிற்றளவு, அதாவது இதில் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.01 மி.மீ. மற்றப் பிள்ளைகளுக்கு எதுவோ அதுவே இந்தப் பிள்ளைக்கும்.

கையில் பிடிக்கும் கருவி என்று பெயர் இருப்பதால் கையில்தான் பிடிக்க வேண்டும் என்றில்லை. ஆய்வகத்தில் அதைத் தாங்கியில் மாட்டினால்தான் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். தாங்கி தனியாக வாங்க வேண்டாம். எல்லா ஆய்வகத்திலும் ரிட்டார்ட் ஸ்டாண்டும் பியூரெட் கிளாம்பும் இருக்கின்றன. கிளாம்பின் தாடை இரண்டிலும் பழைய சைக்கிள் டியூபை 5 செ.மீ. நீளத்துக்கு வெட்டி மாட்டுங்கள். கருவியைப் பொத்தான் இல்லாத ஓரத்தில் பிடிக்கச் செய்யுங்கள். திருகை விரல் நுனியால் இறுக்கினால் போதும், ஸ்பானர் வேகத்தில் இறுக்கினால் திரை விரிசல் விடும். ஸ்டாண்டின் அடித்தட்டு கருவிக்கு நேர் கீழே வரும்படி திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் 250, 300 கிராம் கருவி முன்னால் சாய்த்துவிடும். உயரம் மேசையிலிருந்து 10 செ.மீ.யில் தொடங்கித் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். பெருக்கத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் கருவி ஆடினால் ஸ்டாண்டின் காலடியில் ஒரு செங்கல்.

கருவி அசையாமல் நிற்க, பொருள்தான் நகர வேண்டும். எவர்சில்வர் தட்டு வேண்டாம், மினுங்கும். கறுப்புச் சார்ட் ஒட்டிய அட்டை ஒன்றில் பொருளை வைத்து, இடக்கையால் அட்டையை நகர்த்தி, வலக்கையால் ஊசியோ இடுக்கியோ பிடிக்கப் பழக்குங்கள். நுண்ணோக்கியில் இடப்பக்கம் தள்ளினால் படம் வலப்பக்கம் போகும். இதில் அந்தத் தொல்லை இல்லை. மாட்டும்போதே திரையின் மேல்பக்கமும் மேசையின் அப்பால்பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

இன்னொன்று: கேமரா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல மாடல்களில் அது திரைக்கு நேர் பின்னால் இருக்காது; ஒரு மூலையில் இருக்கும். பியூரெட்டிலோ அளவுசாடியிலோ திரவ மட்டத்தைப் படிக்கும்போது கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லித்தருகிறோமே, இங்கே கண் என்பது அந்தக் கேமராவின் துளை. திரையை மட்டத்துக்கு நேராக வைத்தால் கேமரா 3, 4 செ.மீ. மேலிருந்தோ கீழிருந்தோ பார்க்கும். இடமாறு தோற்றப்பிழை தவறாமல் வரும். கேமராத் துளைக்கு நேராகக் கருவியின் முன்பக்கத்தில் ஒரு பொட்டு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள், பிள்ளை விரலால் தடவிக் கண்டுகொள்ளும். பியூரெட்டுக்குப் பின்னால் கீழ்ப்பாதி கறுப்பாக, மேல்பாதி வெள்ளையாக உள்ள அட்டையை, கறுப்பின் மேல்விளிம்பு பிறைத்தளத்துக்கு (திரவத்தின் வளைந்த மேற்பரப்பு) ஒன்றிரண்டு மி.மீ. கீழே வரும்படி பிடித்தால் பிறைத்தளத்தின் அடி அழுத்தமாகக் கறுத்துத் தெரியும். 50 மி.லி. பியூரெட்டில் 0.1 மி.லி. இடைவெளி ஒரு மி.மீ. சொச்சம், 8 மடங்கில் அது திரையில் விரல் நக அகலம்.

உயரத்தில் இருக்கும் அளவுக்கு உறையவைக்கும் பொத்தான் உதவும். கருவியை நீட்டி, மட்டம் சரிபார்த்து, பொத்தானை அழுத்தி, பிறகு முகத்தருகே கொண்டுவந்து நிதானமாகப் படிக்கலாம். சில மாடல்களில் மறுபடி அழுத்தியவுடன் படம் போய்விடும், சேமிக்காது. முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கண்ணாடிப் பொருள்களில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் விளக்கு. கருவியின் எல்.இ.டி. கேமராவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் ஒளி சோதனைக் குழாயில், தெர்மாமீட்டரில், அம்மீட்டரின் கண்ணாடி முகப்பில் பட்டு நேரே கேமராவுக்குத் திரும்பும். திரையில் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். எல்.இ.டி.யை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் 45 டிகிரியில் வையுங்கள். அணைக்கவே முடியாத மாடலும் சந்தையில் உண்டு. அதன் விளக்குமேல் ஒரு துண்டு டிரேசிங் பேப்பர் ஒட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். பாதரசத் தெர்மாமீட்டர் இந்தக் கருவிக்கு மிகவும் தொல்லை கொடுப்பது. சிவப்புச் சாராய வகை வெள்ளை அட்டையின் முன்னால் தெளிவாகத் தெரியும், உடைந்தாலும் பாதரச ஆபத்து இல்லை. டியூப்லைட்டின் கீழ் திரையில் பட்டைகள் ஓடினால் அமைப்பில் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சன்னல் ஓரத்துக்கு மேசையை மாற்றுங்கள்.

நிறத்தில் இருக்கும் ஆபத்து இதைவிடப் பெரியது, ஏனென்றால் பிழை நடந்தது யாருக்கும் தெரியாது. மஞ்சள் மேல் கறுப்பு, கறுப்பு மேல் வெள்ளை என்று இருக்கும் முறைகள் எழுத்துக்காக ஆனவை. அவற்றில் பொருளின் உண்மை நிறம் இல்லை. வெளிச்சம், இருட்டு என்று இரண்டாகப் பிரித்துப் பொய் நிறம் பூசுகின்றன. அந்த முறையில் லிட்மஸ் தாளைப் பார்த்து 'மாற்றமில்லை' என்று எழுதிய பிள்ளை திரையில் கண்டதைத்தான் எழுதியிருக்கிறது. அளவுகோல், முள், எண் என்றால் இருநிற முறை. லிட்மஸ், பினாப்தலீன், மயில்துத்தம், பூ என்றால் இயல்பு நிற முறை. இந்த ஒரு விதியைக் கருவியின்மேல் எழுதி ஒட்டலாம்.

இயல்பு நிற முறையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கேமரா தானாகவே வெள்ளையைச் சரிசெய்துகொள்ளும். திரை முழுக்க நீல லிட்மஸ் மட்டும் இருந்தால், இதுதான் வெள்ளை என்று எடுத்துக்கொண்டு நீலத்தை வெளுக்கவைத்துவிடும். ஆகவே பார்க்கும் பரப்பில் எப்போதும் ஒரு துண்டு வெள்ளைத்தாள் இருக்க வேண்டும். லிட்மஸில் அமிலம் விட்ட தாளையும் விடாத தாளையும் வெள்ளைத்தாள் மேல் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. மயில்துத்தத்தை, அதாவது நீரேறிய தாமிர சல்பேட்டை, சூடாக்கும் சோதனையிலும் சூடாக்காத நீலப் படிகம் சிறிது பக்கத்தில் இருக்கட்டும். நீலம் வெளுத்தது ஒப்பிட்டால் ஐயமில்லாமல் தெரியும்.

சூடாக்குவது என்றதும் எச்சரிக்கை. கருவியைக் கையில் பிடித்துச் சாராய விளக்கின் மேல் குனியக் கூடாது. குறைபார்வைப் பிள்ளை பழக்கத்தால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகும். அதைத் தடுக்கத்தான் கருவி. தாங்கியில் மாட்டி, சுடரிலிருந்து 30 செ.மீ. பக்கவாட்டில் நிறுத்தி, தூரப் பார்வை முறையில் வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி, முடி கட்டுவது, குழாயின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்புவது எல்லாம் மற்றவர்களுக்குப் போலவே. நீராவி பட்டால் கேமராத் துளை பனிக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும், ஸ்பிரிட் வேண்டாம். அமிலம் தெறிக்கும் சோதனைகளில் கருவியை மெல்லிய பாலிதீன் உறைக்குள் போட்டு, கேமராவுக்கு நேரே மட்டும் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள்.

ஊற்றும் வேலைக்கு இந்தக் கருவி ஒத்துவராது. கேமரா பிடித்துத் திரையில் காட்டுவதற்குள் கண்ணிமைக்கும் நேரம் தாமதம் உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டே ஊற்றினால் கோடு தாண்டிய பிறகுதான் தெரியும். 5 மி.லி., 10 மி.லி. ஊசிக்குழலால் அளந்து ஊற்றி, அளவைச் சரிபார்க்க மட்டும் கருவியைப் பயன்படுத்தட்டும்.

குவிலென்ஸின் குவியத் தொலைவு காணும் சோதனையில் நுட்பமான சிக்கல் ஒன்று வருகிறது. வெள்ளைத் திரையில் விழும் பிம்பத்தைக் கருவியால் பார்க்கப் போனால் பிள்ளையின் தலையும் கருவியும் ஒளியை மறைக்கும். வெள்ளை அட்டைக்குப் பதில் டிரேசிங் பேப்பரைச் சட்டத்தில் ஒட்டுங்கள். பிம்பத்தைப் பின்பக்கமிருந்து பார்க்கலாம். அடுத்து, பிம்பம் மங்கலாக இருந்தால் அது லென்ஸ் நகர்ந்ததாலா, கருவியே குவியம் தவறியதாலா என்று பிள்ளைக்குத் தெரியாது. டிரேசிங் பேப்பரில் ஊதாப் பேனாவால் சிறு பெருக்கல் குறி போடுங்கள். முதலில் அந்தக் குறி கூர்மையாகத் தெரியும்படி கருவியை நிறுத்த வேண்டும். அதன்பின் லென்ஸை மட்டும் நகர்த்தினால் பிம்பத்தின் தெளிவு லென்ஸால் வந்ததே. தானியங்கிக் குவியம் உள்ள கருவியில் குவியத்தைப் பூட்டும் வசதி இருந்தால் இந்த இடத்தில் பூட்டிவிடலாம்.

உயிரியலில் இந்தக் கருவிக்குக் கொண்டாட்டம். நம் மாவட்டத்துக்கு அதைவிட. செம்பருத்தியின் மகரந்தத் தாள்கள் சேர்ந்த குழலும் ஐந்து சூல்முடியும் 4 மடங்கிலேயே தெரியும். கார், பிசானம் எந்தப் பருவமானாலும் நெல் பூக்கும் நாட்களில் முற்பகலில் ஒரு கதிரைப் பறித்து வந்து கறுப்பு அட்டையில் வையுங்கள். உமி திறந்து ஆறு மகரந்தத் தாள்கள் தொங்குவதையும் இறகுபோன்ற சூல்முடி இரண்டையும் 10 மடங்கில் பார்க்கலாம். நல்ல கண் உள்ள பிள்ளைகளும் இதை வெறுங்கண்ணால் சரியாகப் பார்த்திருக்க மாட்டார்கள். காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மை கலந்த நீரில் இரண்டு மணி நேரம் வைத்துக் குறுக்கே வெட்டினால் சிவப்புப் புள்ளிகள் வளையமாக நிற்கும். மக்காச்சோளத் தட்டையில் அதே புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இருவித்திலை, ஒருவித்திலை வேறுபாடு படம் வரையாமலே விளங்கிவிடும். பத்தமடைப் பாய்க்கு ஆகும் கோரையை வெட்டினால் குறுக்குவெட்டு முக்கோணம். உவரிப் பக்கத்துக் கடற்கரை மணலில் ஒரு சிட்டிகை எடுத்து விரித்தால் வெள்ளைக் குவார்ட்ஸ், இளஞ்சிவப்புக் கார்னெட், கறுப்பு இல்மனைட் என்று பிரித்து எண்ணலாம். அந்த மணலைப் பார்க்கும்போது வெள்ளைத்தாள், கறுப்புத்தாள் இரண்டையும் மாற்றி மாற்றி அடியில் வையுங்கள். ஒன்றில் மறையும் மணி மற்றொன்றில் தெரியும்.

முதல் வகுப்பை எதில் தொடங்குவது என்று கேட்டால், அன்றைய செய்தித்தாளின் வண்ணப்படம். பெருக்கத்தைக் கூட்டக் கூட முகம் போய் நான்கு நிறப் புள்ளிகள் வரும். பொத்தான்கள், நகர்த்தும் திசை, குவியம் எல்லாம் அந்த ஒரு பீரியடில் கைவந்துவிடும். மூன்று பேர் குழுவில் குறைபார்வைப் பிள்ளைக்கு 'பார்த்து எழுதுகிற' வேலையை நிரந்தரமாகக் கொடுத்துவிடாமல் சுழற்சியில் விடுங்கள். எச்.டி.எம்.ஐ. வெளியீடு உள்ள மாடலை வகுப்பு டி.வி.யில் இணைத்தால் முழு வகுப்பும் நெற்பூவைப் பார்க்கும். அப்போதும் கருவி அந்தப் பிள்ளையின் மேசையில்தான் இருக்க வேண்டும், டி.வி. அதற்குத் தூரம்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தொடர்ந்து பயன்படுத்தினால் பெரும்பாலான மாடல்களில் மின்கலம் இரண்டு முதல் நான்கு மணி நேரம் தாங்கும். வாரத்தில் இரண்டு ஆய்வக வகுப்புக்குத் தாராளம். கெட்டுப்போவது மே விடுமுறையில்தான். தகர ஓட்டுக்குக் கீழ் இரும்பு பீரோவில், முழுதும் தீர்ந்த நிலையில் இரண்டு மாதம் கிடந்தால் மின்கலம் திரும்பி வராது. பாதி ஏற்றி, வெயில் தாக்காத அறையில் வைத்து, மாதம் ஒருமுறை ஏற்ற ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

பணம். மேலே சொன்ன 2016 சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வரையறுத்த அளவு குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை துணைக் கருவிகளை இலவசமாகத் தரச் சொல்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் உள்ளடக்கிய கல்வியில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்ற கணக்கு, நல்ல மேக்னிஃபையர் ஒன்றுக்குக் கட்டாது. வாசிப்புக்குப் பிள்ளையின் பெயரில் கொடுத்த கருவி அந்தப் பிள்ளையிடமே இருக்கட்டும், வீட்டுக்கும் போகட்டும். ஆய்வகத்துக்கென்று அம்பாசமுத்திரம் முதல் ராதாபுரம் வரை ஒன்பது வட்டார வள மையங்களிலும் பொதுவாக இரண்டிரண்டு வைத்து, செய்முறை நாட்களை முன்கூட்டி வாங்கிக்கொண்டு சிறப்பாசிரியர் வழியாகச் சுற்றுக்கு விடலாம். மானூரில் செவ்வாய் என்றால் பாப்பாக்குடியில் வியாழன் என்று தேதி போடுவது பெரிய காரியமில்லை. ஆசிரியர் பயிற்சிக்குக் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. ஒரு நாள் போதும், அதில் பாதி நாள் பேச்சில்லாமல் மேசையில்.

செய்முறைத் தேர்வுக்கான ஆணையில் நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: மாணவர் தமது மேக்னிஃபையரையும் தாங்கியையும் கொண்டுவரலாம், சேமித்த படங்கள் இருந்தால் தேர்வுக்கு முன் மேற்பார்வையாளர் அழித்துவிட வேண்டும், சன்னல் அல்லது பிளக் பாயின்ட் அருகே மேசை தர வேண்டும், அளவு எடுக்கக் கூடுதல் நேரம் தர வேண்டும். இது இல்லாமல் போனால் கேமரா உள்ள கருவி என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, செல்போன் போலத்தானே இருக்கிறது.

வாங்குவதற்கு முன் விலைப்பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். 5 அங்குலத்துக்குக் குறையாத திரை, இரண்டு மடங்கிலிருந்தே தொடங்கும் பெருக்கம், கையெட்டும் தூரம்வரை தெளிவு, அணைக்கக்கூடிய விளக்கு, ஈரக்கையால் அழுத்தினாலும் இயங்கும் மேடான பொத்தான், மாற்றக்கூடிய மின்கலம் இவை ஒப்பந்தப்புள்ளியில் இருக்கட்டும். கொள்முதல் குழுவில் ஓர் அறிவியல் ஆசிரியரையும் ஒரு குறைபார்வை மாணவரையும் சேருங்கள். செயல்விளக்கம் காட்ட வருபவர் கொண்டுவரும் அச்சிட்ட அட்டையை ஒதுக்கிவிட்டு, ஒரு திருகு அளவி, ஒரு தெர்மாமீட்டர், ஒரு நீல லிட்மஸ் தாள் மூன்றையும் அந்த மாணவரிடம் கொடுங்கள். திருகு அளவியின் இரண்டு கோலும் ஒரே திரையில் வருகிறதா, தெர்மாமீட்டரில் விளக்கின் பிரதிபலிப்பு இல்லாமல் படிக்க முடிகிறதா, லிட்மஸ் நீலமாகவே தெரிகிறதா என்று அவர் சொல்லட்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த மாடலைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்களும் சிறப்பாசிரியர்களும்,
திருநெல்வேலி மாவட்டம்.